யாரும் கேட்காத உபகாரச் சம்பளம்

மதுரை, காஜிமார் தெரு
12-1-1935

அன்புள்ள தம்பி யூனுஸுக்கு, அக்கா மெஹருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது.

இறைவன் கிருபையில் நானும் உன் மனைவி ஆரிபாவும் சுகம். கடல் தாண்டி இருக்கும் உன் உடம்பும் பினாங்குக் கடையும் எப்படி என்று அறிய ஆவல். பெருநாள் கழிந்தது. ஆரிபா சேமியா காய்ச்சினாள். உன் பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அத்தாவின் டிரஸ்டு விஷயம். நீ, நான், வக்கீல் ஐயா மூவரும் பொறுப்பாளிகள் என்பதால் எல்லாவற்றையும் ஒரு முறை உனக்கு விவரமாக எழுதிவிடச் சொன்னார் வக்கீல். அத்தா மவுத்தாகுமுன் எழுதி வைத்தது உனக்குத் தெரியும். கீழமாசி வீதிக் கடைக் கட்டடத்தின் வாடகை, சென்னை ராஜதானிக்குள் எட்டாவது தேறி, ஆசிரியைப் பயிற்சிக்குப் போக விரும்பும் பெண்களுக்கு உபகாரச் சம்பளமாகப் போகவேண்டும். எந்த ஜாதியானாலும் சரி, எந்த மதமானாலும் சரி. அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஒரு பெண்ணும் பெறாவிட்டால், வருமானம் முழுவதும் பள்ளிவாசல் பக்கத்தில் வழிப்போக்கர்கள் தங்கும் முசாபர்கானாவுக்குச் சேரும்.

போன வருஷம் யாரும் வரவில்லை. முதல் வருஷம், ஊருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தோம். இந்த முறை நீ எழுதி அனுப்பிய நோட்டீசைப் பேப்பரில் போட்டோம். பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டினோம். பஸ் நிற்கும் இடங்களில் கொடுத்தோம். கெடு முடிந்துவிட்டது. ஒருத்திகூட விண்ணப்பம் போடவில்லை.

தம்பி, எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்? வக்கீல் ஐயா கெடுவை மே மாசம் வரை நீட்டிக்கலாம் என்கிறார். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரிபா உனக்கு சலாம் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
அக்கா மெஹருன்னிசா


பினாங்கு, சூலியா தெரு
4-2-1935

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி யூனுஸின் சலாம்.

அல்லாஹ் காவலில் நான் நலம். உங்கள் முட்டுவலி பற்றி எழுதவில்லையே, குறைந்திருக்கிறதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இலவசமாகக் கொடுக்கிறோம், வாங்க ஆள் இல்லை என்றால் நம்பவே முடியவில்லை. என் கடை வாசலில் ஒரு கட்டுத் துணியை இலவசம் என்று போட்டால் கப்பல் துறை வரைக்கும் கூட்டம் நிற்கும். நம் மதுரை ஜனங்களுக்கு என்ன வந்தது? நோட்டீசில் எழுத்துச் சின்னதாக விழுந்துவிட்டதோ? பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். சம்பளம் வழங்கும் விழாவில் பெண்களை நிறுத்தி, நடுவில் அத்தாவின் படத்தை வைத்துப் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவோம் என்பதையும் மேலே கொண்டுவாருங்கள்.

இன்னொரு யோசனை. இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் திருமங்கலத்து ஆள் ஒருவரின் மகள் நன்றாகப் படிக்கிறாள். அங்கே ஆளில்லை என்றால் அவளுக்குக் கொடுக்கலாமா?

அத்தா ஏன் குறிப்பாகப் பெண் ஆசிரியைகளுக்கென்று எழுதினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. துணி வியாபாரிக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? உங்களிடம் எப்போதாவது சொன்னாரா?

ஆரிபா முன்பெல்லாம் தாள் நிறைய எழுதுவாள். இப்போது நாலு வரியில் முடித்துவிடுகிறாள். வேலை அதிகமோ?

இப்படிக்கு,
யூனுஸ்


மதுரை
3-3-1935

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாமும் துஆவும்.

எல்லாரும் சுகம். வெயில் சீக்கிரமே வந்துவிட்டதால் முட்டுவலி தானாகவே அடங்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. உன் பெயரில் ஒரு குர்பானி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில், பினாங்குப் பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. ராஜதானி எல்லைக்குள் என்று அத்தா தெளிவாக எழுதியிருக்கிறார். வக்கீல் ஐயாவும் அதையேதான் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு உன் கைப்பணத்தில் புத்தகம் வாங்கிக் கொடு.

அத்தா ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டாய். ஒரு நாள் சொன்னார். கடைக்கு வரும் பெண்கள், அவர் போட்டுக் கொடுத்த பில்லை அவரிடமே நீட்டி, "என்ன போட்டுருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க பாய்" என்பார்களாம். "விக்கிறவனே வாசிச்சுச் சொன்னா வாங்குறவளுக்கு அது எதுக்கு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காரணம் தேடி நானே கிளம்பினேன். ஆரிபாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். முதலில் நம் தெருவிலேயே, எட்டாவது தேறிய மகள் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்தம்மா டீ கொடுத்து, பாக்கு வெற்றிலை வைத்து, பேச்சை எடுத்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "ஜகாத் வாங்குற நெலமை எங்க வீட்டுக்கு இன்னும் வரலைங்க" என்றாள். முகம் சிவந்துவிட்டது. நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அடுத்த வாரம் மாட்டு வண்டி பிடித்துப் பரவைக்குப் போனோம். சந்தையில் கத்தரிக்காயும் வெங்காயமும் போட்டு விற்கும் மாயக்காள் என்பவளின் மகள் பாண்டியம்மாள், வகுப்பிலேயே முதலாவதாக எட்டாவது தேறியவள் என்று அந்த ஊர் வாத்தியார் சொல்லியிருந்தார். மாயக்காள் எங்களுக்கு ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள். வியாபாரத்தை நிறுத்தாமலே பேசினாள்.

"நோட்டீசு வந்துச்சு தாயி. எம் மகதான் வாசிச்சா. ஏழைப் பெண்களுக்குன்னுல போட்டுருக்கு? எங்களுக்குக் கெணத்தோட நெலம் கெடக்கு. நாங்க எப்படிப் போட முடியும்?"

"நிலம் இருந்தாலும் போடலாம்மா."

"போட்டுப்புட்டு? நாளைக்கு அவளைக் கேட்டு வர்றவுக, தர்மத்துல படிச்ச பிள்ளைன்னு சொல்ல மாட்டாகளா? பேப்பர்ல படம் வேற போடுவீகளாம். எம்புட்டுப் பேரு பாப்பாக!"

எனக்கு அப்போதுதான் நம் தெருவில் நடந்ததும் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் அத்தாவின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 'ஏழை' என்ற சொல்லே இல்லை.

சந்தையிலிருந்து கிளம்பும்போது மாயக்காள் இன்னொன்றும் கேட்டாள். அதைப் பிறகு எழுதுகிறேன். திரும்பும் வழியெல்லாம் ஆரிபா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அக்கா


பினாங்கு
27-3-1935

அன்பு அக்காவுக்கு, சலாம். இங்கே மழையும் சுகமும். அங்கே எல்லாருக்கும் நலம் உண்டாகட்டும்.

'ஏழை' என்று எழுதியது நான்தான். வசதியுள்ளவர்கள் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று போட்டேன். உங்கள் கடிதம் வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு சொல்லுக்காகவா படிப்பை விடுவார்கள் என்று.

பிறகு ஒன்று செய்து பார்த்தேன். கடையில் கிடந்த துண்டுத் துணிகளை ஒரு கூடையில் போட்டு, 'ஏழைகளுக்கு இலவசம்' என்று தமிழில் எழுதி வாசலில் வைத்தேன். துறைமுகத்துப் பெண்கள் வந்தார்கள், வாசித்தவர்கள் வாசிக்காதவர்களுக்குச் சொன்னார்கள், போய்விட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் எடுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று பிறகு தெரிந்தது. மறுநாள் அட்டையை மாற்றி, 'மீதித் துணி, வேண்டியவர் எடுக்கலாம்' என்று வைத்தேன். மத்தியானத்துக்குள் கூடை காலி. பக்கத்துக் கடை சிஹாபுதீன் பாய் என்னைப் பார்த்து, "இது என்ன வியாபாரம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துணிக்கடையில் இத்தனை வருஷமாக ஜனங்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறேன், இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ஆகவே 'ஏழை' வேண்டாம். போட்டோவும் வேண்டாம். விழாவும் வேண்டாம். டிரஸ்டுக்கு அத்தா பெயர் இருக்கிறது, போதும். நோட்டீசைப் புதிதாக நீங்களே எழுதுங்கள்.

மாயக்காள் கேட்ட இன்னொன்று என்ன? அதைச் சொல்லாமல் கடிதத்தை முடித்துவிட்டீர்களே. கடை திறக்கும்போதும் அதே யோசனை, மூடும்போதும் அதே யோசனை.

ஆரிபாவிடமிருந்து இந்த மாதம் கடிதம் இல்லை.

யூனுஸ்


மதுரை
24-4-1935

தம்பி யூனுஸுக்கு, அக்காவின் சலாம். உன் கடிதம் படித்து உள்ளம் குளிர்ந்தது. கூடைத் துணிக் கதையை வக்கீல் ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

சித்திரைத் திருவிழாக் கூட்டம் இப்போதுதான் கலைந்தது. அழகரைப் பார்க்க வந்த சுற்று வட்டார ஜனங்கள் கையிலெல்லாம் நம் புது நோட்டீசு போய்ச் சேர்ந்தது. 'எட்டாவது தேறிய பெண்கள் ஆசிரியை ஆகலாம். படிப்புச் செலவு முழுவதும் டிரஸ்டைச் சேர்ந்தது.' வேறு வார்த்தை போடவில்லை. பலன் உண்டு. டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மகள் செல்லத்தாய் எட்டாவது முடிக்கிறாளாம்.

பரவை மாயக்காளும் வந்தாள். விண்ணப்பம் தயாராக இருக்கிறது, பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனால் தாய் ஒரே பிடியாக நிற்கிறாள். "ஒத்தையில விட மாட்டேன். எங்க ஊர்ல இருந்து இதுக்குன்னு ஒரு பிள்ளை போனதில்ல. கூட ஒருத்தி போறான்னா சொல்லுங்க, நாளைக்கே அனுப்புறேன்." அந்தக் கூட ஒருத்தியைத் தேடுகிறோம். அவள் கிடைக்காவிட்டால் இந்த வருஷமும் கை நழுவும். டிரஸ்டு முசாபர்கானாவுக்குப் போகும்.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். பொறுப்பாளி என்ற முறையில் பதில் எழுது. எட்டாவது தேறிய ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணம் ஆனவள், பிள்ளை இல்லை. கணவர் வெளிநாட்டில். நம் பணம் அவளுக்கு வேண்டாம். சொந்தச் செலவில் சேர்ந்து பாண்டியம்மாளுக்குத் துணையாகப் படிக்க விரும்புகிறாள். பயிற்சிப் பள்ளிப் பெரிய டீச்சரம்மாவோ, கல்யாணமான பெண்ணுக்குக் கணவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கணவரிடம் கேட்கப் பயம். இதில் நாம் தலையிடலாமா? நீ என்ன நினைக்கிறாய்?

முட்டுவலி திரும்ப வந்துவிட்டது. தைலம் போடுகிறேன். கவலைப்படாதே.

அக்கா


பினாங்கு
15-5-1935

அக்காவின் பாதுகாப்புக்கும் நீண்ட ஆயுளுக்கும் துஆச் செய்து தம்பி யூனுஸ் எழுதுவது.

சிஹாபுதீன் பாய் ஊருக்கு ஆள் அனுப்புகிறார். நல்ல தைலம் ஒரு சீசா கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இதில் என்ன சந்தேகம் அக்கா? கேட்டதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அத்தா 'பெண்கள்' என்றுதான் எழுதினார். கன்னிப் பெண், கல்யாணமான பெண் என்று பிரித்தாரா? அந்தப் பெண் நம் பணத்தையும் கேட்கவில்லை. நமக்காக, பாண்டியம்மாளுக்காகத் துணை போக வருகிறாள். அவளுக்கு நாம்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கணவர் வெளிநாட்டில் என்கிறீர்கள். இங்கே அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். வருஷக்கணக்காக ஊருக்குப் போவதில்லை. மாதம் ஒரு மணியார்டர், ஒரு கடிதம். ஆனால் மனைவி வாசலைத் தாண்டினால் மட்டும் மானம் போய்விடும்! அந்த வீட்டில் அந்தப் பெண் பகலெல்லாம் என்ன செய்வாள் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா? படித்த பெண்ணை வைத்துக்கொண்டு பூட்டி வைக்கும் மனிதர் என்ன மனிதர்?

அந்தக் கணவரின் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். ரங்கூனோ கொழும்போ, எங்கே இருந்தாலும் சரி. டிரஸ்டுப் பொறுப்பாளி என்ற முறையில் நானே அவருக்கு எழுதுகிறேன். சம்மதம் வாங்குவது என் பொறுப்பு. பள்ளி திறக்கும் நாள் நெருங்குவதால் நீங்கள் காத்திருக்க வேண்டாம். பாதுகாவலராக நீங்கள் கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

மாயக்காள் கேட்டதை இந்த முறையும் எழுதவில்லை நீங்கள்!

ஆரிபாவுக்கு என் மீது ஏதாவது மனத்தாங்கலா? விசாரித்து எழுதுங்கள்.

யூனுஸ்


மதுரை
21-6-1935

அன்புள்ள தம்பிக்கு, அல்லாஹ்வின் சாந்தியும் சமாதானமும் உன் மீது உண்டாகட்டும்.

தைலம் வந்தது. நல்ல குணம். பள்ளி திறந்துவிட்டது. பாண்டியம்மாள் சேர்ந்துவிட்டாள். விடியற்காலையில் மாயக்காளின் காய்கறி வண்டியில் வந்து நம் வீட்டில் இறங்குகிறாள். இங்கிருந்து துணையோடு திரை போட்ட வண்டியில் பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் பரவை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். அத்தாவின் பணம் முதல் முறையாக ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நீ சொன்னபடியே கல்யாணமான அந்தப் பெண்ணையும் என் கையெழுத்தில் சேர்த்துவிட்டேன். கணவரின் சம்மதக் கடிதம் தசரா லீவுக்குள் வர வேண்டும் என்று பெரிய டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மாயக்காள் கேட்டது என்ன என்று இரண்டு முறை கேட்டுவிட்டாய். இப்போது எழுதுகிறேன். அன்று சந்தையில் பேச்சு முடிந்து எழுந்தோம். மாயக்காள் ஆரிபாவைப் பார்த்து, "இந்தம்மா எம்புட்டுப் படிச்சிருக்காக?" என்றாள். எட்டாவது தேறியவள், திண்டுக்கல்லில் படித்தவள் என்றேன். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"எட்டாவதா! அப்ப நீங்க ஏன் போகல? எம் பிள்ளையப் போகச் சொல்லிக் கேக்க வந்தீக, நீங்க ஏன் போகல?"

ஆரிபா நாங்கள் உட்கார்ந்திருந்த சாக்கை மடித்து ஓரமாக வைத்தாள். நான் வண்டியைக் கூப்பிட்டேன். ஏப்ரலில் ஒரு நாள் சமையற்கட்டில், "அக்கா, கூட ஒருத்தி வேணும்னுதானே கேக்குறாக? நான் போறேன்" என்றாள். பள்ளிச் சம்பளத்தை, நீ கல்யாணத்தில் கொடுத்த மஹர் பணத்திலிருந்து கட்டியிருக்கிறாள். டிரஸ்டுப் பணம் ஒரு சல்லிகூட அவள் பக்கம் போகவில்லை. நம் வீட்டுப் பெண் அதை வாங்கக் கூடாது என்று அவளே சொன்னாள்.

அந்தக் கணவரின் விலாசம் கேட்டிருந்தாய்.

கா. மு. யூனுஸ்,
ஜவுளி வியாபாரம்,
சூலியா தெரு, பினாங்கு.

நேராகக் கேட்டிருந்தால் நீ கணவனாகப் பதில் எழுதியிருப்பாய். எனக்கு முதலில் பொறுப்பாளியின் பதில் தேவைப்பட்டது. இது என் வேலை. ஆரிபாவுக்கு நான் உனக்கு எழுதிய விதம் தெரியாது.

மெஹருன்னிசா


மதுரை
18-8-1935

யூனுஸுக்கு, சலாம்.

நீ சுகமாக இருக்கிறாய் என்று சிஹாபுதீன் பாயின் வீட்டார் மூலம் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ். ஜூலை முழுவதும் உன் கடிதம் இல்லை. இந்த மாதமும் இல்லை. ஆரிபாவுக்கு வரும் மணியார்டர் மட்டும் வழக்கம்போல வந்தது. கூப்பனில் ஒன்றும் எழுதாமல்.

இங்கே இருக்கும் நிலைமையை மட்டும் எழுதுகிறேன். தசரா லீவுக்குள் கடிதம் வராவிட்டால் ஆரிபாவின் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் நின்றால் மறுநாளே மாயக்காள் மகளை நிறுத்திவிடுவாள். அதை அவள் ஒளிக்கவில்லை. பிறகு டிரஸ்டு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இதையெல்லாம் உன்னை வற்புறுத்த எழுதவில்லை. தெரிந்துகொண்டு முடிவு செய்.

பாண்டியம்மாள் கெட்டிக்காரி. முதல் வாரம் எங்கள் வீட்டு முற்றத்தில் தூணை ஒட்டியே நிற்பாள். இப்போது வந்ததும் வராததுமாக, "அக்கா கெளம்பியாச்சா? பெல் அடிச்சுருவாக" என்று உள்ளே குரல் கொடுக்கிறாள். இருவரும் வண்டியில் போகும்போதே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு போவதாக வண்டிக்காரர் கண்ணுச்சாமி சொல்கிறார். அவருக்கும் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டதாம்.

தபால்காரர் வரும் நேரத்தில் ஆரிபா பள்ளியில் இருப்பாள். திரும்பி வந்ததும் தபால் வைக்கும் மாடத்தைப் பார்ப்பாள். கை கால் கழுவி, தொழுதுவிட்டு, அரிக்கேன் விளக்கைத் துடைத்துவைத்துப் படிக்க உட்காருவாள்.

உன் கோபம் என் மேல் இருந்தால் என்னிடம் காட்டு. நான் மூத்தவள், தாங்குவேன்.

அக்கா


பினாங்கு
10-9-1935

அன்புள்ள ஆரிபாவுக்கு, யூனுஸ் சலாம் கூறி எழுதுவது.

நான் உடல் நலம். நீயும் அக்காவும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

இத்துடன் பெரிய டீச்சரம்மாவுக்குச் சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன். லீவுக்கு முன் கொடுத்துவிடு.

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று நீ நினைக்கலாம். கோபம்தான். ஆனால் எதற்குக் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் சிஹாபுதீன் பாயிடம், யாரோ ஒருவர் வீட்டு விஷயம் போல இதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி படிக்கப் போனதுல கோவமா, தன்னக் கேக்காமப் போனதுல கோவமா?"

"ரெண்டுக்கும்னு வைங்க" என்றேன்.

"அப்ப அவன் கேட்டிருந்தா 'சரி'ன்னு சொல்லிருப்பானா?"

கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கண்டுபிடித்துவிட்டேன், ஆரிபா. சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். உனக்கும் அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் நீ கேட்கவில்லை. ஊரார் மனைவி என்று நினைத்தபோது அத்தனை தாராளமாக எழுதினேன். அக்காவிடம் அந்தக் கடிதம் இருக்கிறது, வாங்கி வாசித்துப் பார். அதில் எழுதியிருப்பதுதான் என் பேச்சு. அதை எழுதியவன் வேறு, உன் கணவன் வேறு என்று ஆகிவிடக் கூடாது.

இப்போது கோபம் போய், தெரிந்துகொள்ளும் ஆசைதான் மிச்சம். எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்கு இரண்டு வருஷம் என்ன சொல்லித் தருகிறார்கள்? 'அ' என்று எழுதக் காட்டுவதற்கு அவ்வளவு படிப்பா? பிள்ளைகள் நீ சொன்னதைக் கேட்கிறார்களா? உனக்குப் பயமாக இல்லையா? நாலு வரியில் முடிக்காமல் தாள் நிறைய எழுது.

மார்ச் மாதக் கப்பலுக்குச் சீட்டு எடுக்கப் போகிறேன். நாலு வருஷம் போதும். நேரில் பேசலாம்.

உன்,
யூனுஸ்


மதுரை
30-9-1935

அன்புள்ள மச்சானுக்கு, ஆரிபாவின் சலாம்.

உங்கள் கடிதம் லீவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பெரிய டீச்சரம்மா சம்மதத்தை வாசித்துப் பார்த்து, மடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மாடல் கிளாஸ் உன்னோடது, தயார் பண்ணிட்டு வா" என்றார். வெளியே பாண்டியம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினேன். கண்ணுச்சாமி அண்ணன் கேட்கும்படி வண்டியிலேயே கைதட்டினாள். அன்று மாயக்காள் ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்துவிட்டாள். அக்கா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்கள்.

உங்களுக்கு நாலு வரியில் எழுதியது வேலையினால் இல்லை. தாள் நிறைய எழுத உட்கார்ந்தால், நோட்டீசைப் பார்த்த நாள் முதல் மனசில் இருந்த படிப்பு ஆசை அஞ்சாவது வரியில் வந்துவிடும். அதனால் நாலாவது வரியில் நிறுத்தினேன். உங்கள் மே மாதக் கடிதத்தை அக்கா காட்டினார்கள். பகலெல்லாம் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இனி அதையும் எழுதுகிறேன்.

'அ' எழுதக் காட்டுவது இரண்டு வருஷப் படிப்புதான். நான் போர்டில் எழுதிக் காட்டினால், பயிற்சிக்காக எங்களிடம் விடும் மாடல் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதில்லை, என் வளையலைப் பார்க்கிறார்கள். முதலில் விரலால் மணலில், பிறகு பலகையில், பிறகுதான் போர்டில். ஒரு பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். வந்த பிள்ளையைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. பயம் இருந்தது. முதல் நாள் வாயே எழவில்லை. பின்வரிசையில் பரீட்சைக்கார அம்மா பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் ஜன்னல் பக்கம் நின்று, "அக்கா, ஆரம்பிங்க" என்று உதட்டை அசைத்தாள். ஆரம்பித்தேன்.

போன வாரம் மாடல் வகுப்பில் கப்பல் படத்தை மாட்டி, பொருள்களின் பெயர்ப் பாடம் நடத்தினேன். பாய்மரம், நங்கூரம் எல்லாம் சொல்லிவிட்டேன். சோணையம்மாள் என்று ஒரு சின்னப் பிள்ளை, ஆறு வயசு, எழுந்து, "டீச்சர், அம்புட்டு இரும்பும் எப்படித் தண்ணியில மெதக்குது? எங்க வீட்டு ஆணியைப் போட்டா முழுகிருதே?" என்றாள். வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. தெரியாது என்று சொன்னால் பரீட்சைக்கார அம்மா மார்க்கைக் குறைப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"எனக்குத் தெரியல சோணையம்மா. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல போனவரு. கேட்டுச் சொல்றேன்."

"அவரு எப்ப வருவாரு?"

"என் பரீட்சை முடிஞ்சதும் வருவாரு" என்று வாயில் வந்துவிட்டது. பிறகுதான் உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. மச்சான், மார்ச் கப்பலுக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். மார்ச்சில் எனக்கு முதல் வருஷப் பரீட்சை. நீங்கள் வந்து இறங்கினால் நான் படிக்க மாட்டேன், எனக்கே தெரியும். ஏப்ரலில் வாருங்கள். ரயில் பிளாட்பாரத்துக்கே வந்து நிற்கிறேன்.

கப்பல் விஷயத்தை மட்டும் அதற்குள் யாரிடமாவது கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை தினமும் கேட்கிறாள்.

உங்கள்,
ஆரிபா